கழற்றி வைத்த பெட்ரோல் மீட்டர்

என் தங்கச்சி புருஷனுக்கு நிதானம்னா என்னன்னே தெரியாது. காலையில, படகை இழுத்துப் போட்டிருந்த கரைச் சரிவுலயே நின்னுக்கிட்டு என்னைப் பார்த்துக் கத்தினார்.

"மச்சான், நீங்க மாட்டிக் கொடுத்த பெட்ரோல் மீட்டர் புளுகுது. கால் டேங்க்னு காட்டுது. குச்சி விட்டுப் பார்த்தா முக்கால் இருக்கு!"

"உங்க படகுல எது கெட்டாலும் என் தலைதான் உருளணுமா மாப்ளே?"ன்னு நானும் கத்தினேன். எங்க பேச்சே அப்படித்தான். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற தீவுக்கரைக்குச் சாமான் கொண்டுபோற அவசரம் அவருக்கு. மீட்டரைக் கழற்றி என் கையில திணிச்சுட்டு, குச்சியை நம்பிப் படகை எடுத்துட்டுப் போயிட்டார்.

பட்டறையில அதை பேட்டரியில மாட்டினேன். டேங்க் ஒயர் வர்ற முனையை எர்த்தோட தொட்டா முள் முழுசா ஏறணும், எடுத்தா கீழே விழணும். ஏறுச்சு, விழுந்துச்சு. மீட்டர் கல்லு மாதிரி இருக்கு! அப்புறம் ஏன் கால்னு காட்டணும்?

அப்பதான் எனக்கு உறைச்சுது. சரிவுல நிக்கிற படகு மூக்கைத் தூக்கிக்கிட்டு நிக்கும். மீட்டருக்கு அளவு சொல்ற மிதவை டேங்க் நடுவுல இருக்கு, குச்சி விடுற ஓட்டை இருக்கிறது பின்பக்கம். இருக்கிற கொஞ்ச பெட்ரோலும் அங்கதானே வந்து தேங்கும்? அட முட்டாப்பயலே, கூடவே நின்னு வேடிக்கை பார்த்தியேடான்னு என்னையே திட்டிக்கிட்டேன். கால் டேங்க்ல அந்தக் கரை வரைக்கும் போகலாம், திரும்ப முடியாது.

போன் போட்டேன், கிடைக்கல. காவல் படகுக்காரங்களுக்குச் சொன்னேன், தேடக் கிளம்பிட்டாங்க. மீட்டரை பேட்டரியில இருந்து கழற்றி மேசைமேல வெச்சேன்.

முள் தானா எழுந்துச்சு. காலுக்குக் கொஞ்சம் கீழே வந்து நின்னுச்சு.

ஒரு ஒயர் கிடையாது. "சனியனே!"ன்னு ஒரு தட்டு தட்டினேன். அசையல. உத்துப் பார்த்தா லேசா ஆடிக்கிட்டிருந்துச்சு, அலையில படகு போறப்ப ஆடுமே, அப்படி. ஆடிக்கிட்டே இறங்குச்சு.

பட்டறைக்குப் பின்னாடிதான் தங்கச்சி வீடு. "அண்ணா, அவரை இன்னும் காணோமே"ன்னு வந்தா. மறைக்க மனசு வரல, எல்லாத்தையும் சொன்னேன். அவ மீட்டரையே பார்த்தா.

"இது அவரோட டேங்க்தானேண்ணா?"

"பைத்தியமா உனக்கு? ஒயரே இல்லாம எப்படிடீ?"ன்னு எரிஞ்சு விழுந்தேன். ஆனா எனக்கும் பயம்தான். ரெண்டு பேரும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தோம். முள் இறங்கி இறங்கி அடியில போய்ப் படுத்துச்சு. அவ கண்ணாடியை விரலால தடவிக்கிட்டே இருந்தா. காவல் படகுக்காரங்க கிட்ட இருந்து ஒரு தகவலும் இல்ல.

வெயில் சாயுற நேரம். முள் மறுபடி எழுந்துச்சு. மெதுவா காலைத் தாண்டுச்சு, அரையைத் தாண்டுச்சு.

"அண்ணா! யாரோ பெட்ரோல் ஊத்துறாங்க! ஆளைக் கண்டுபிடிச்சுட்டாங்கண்ணா!" சிரிக்கிறாளா அழுறாளான்னே தெரியல. "பசியோட வருவாரு, சோத்தைச் சூடு பண்றேன்"னு வீட்டுக்கு ஓடினா.

நான் எழுந்திருக்கல. முள் முழுசுக்கு வந்தும் நிக்கல. கோட்டைத் தாண்டிப் போய் ஓரத்துல முட்டிக்கிட்டு நின்னுச்சு. நடுக்கடல்ல யாரும் டேங்க் வழிய வழிய ஊத்த மாட்டாங்க. டேங்க்குக்குள்ள கிடக்கிற மிதவைக்குப் பெட்ரோலும் ஒண்ணுதான், உப்புத்தண்ணியும் ஒண்ணுதான். எது புகுந்தாலும் மேலே ஏறிடும். இப்ப அந்த லேசான ஆட்டமும் நின்னுபோச்சு.

பின்னாடி அடுப்பு பத்துற சத்தம் கேட்டுச்சு.

"அண்ணா, எவ்வளவு ஏறியிருக்கு?"

"முழுசா இருக்கும்மா"ன்னேன்.