குகைப் படத்துக்கு மூன்று நீதிபதிகள்

தசராவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலை, மைசூரில் சென்னப்பனுடைய கொட்டகையில் மூன்று பேருக்காகவே ஒரு படம் ஓட்டப்பட்டது. மூன்று பேரும் குழந்தைகள். படத்தைப் பார்த்து முடித்தபின், அது குழந்தைகளுக்கு ஆகுமா ஆகாதா என்று அவர்கள் சொல்ல வேண்டும்.

படத்தின் பெயர் நீளமானது. ஊரில் எல்லோரும் அதைக் குகைப் படம் என்றே சொன்னார்கள். ஒரு மந்திரவாதி தூங்கும் குழந்தைகளின் குரலைத் திருடிக்கொண்டு போகிறான். திருடிய குரல்களை மலைக்குகையில் பானைகளுக்குள் அடைத்து, வாயைத் துணியால் கட்டி வைக்கிறான். தம்பியின் குரலைத் தேடி ஒரு சிறுமி தனியாக அந்தக் குகைக்குள் போகிறாள். அதுதான் கதை. படம் வந்த வாரமே, அதைப் பார்த்த பையன் ஒருவனுக்குக் காய்ச்சல் கண்டது, கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டினார்கள் என்று பேச்சுக் கிளம்பியது. காய்ச்சல் படத்தால் வந்ததா, வரும் வழியில் மழையில் நனைந்ததால் வந்ததா என்று யாரும் விசாரிக்கவில்லை.

பேச்சு நரசிம்மமூர்த்தியின் காதுக்கு எட்டியது. அவர் பெண் குழந்தைகள் விடுதி ஒன்றின் காரியதரிசி. கொள்ளேகாலம் பக்கத்து மலையடி ஊர்களிலிருந்து மைசூருக்குப் படிக்க வந்த பிள்ளைகள் அந்த விடுதியில் இருந்தார்கள். தசரா என்றால் மற்ற வீடுகளில் பொம்மை அடுக்குவார்கள், உறவுக்காரர்கள் வருவார்கள். இந்தப் பிள்ளைகளுக்கு அவ்வளவு தூரம் ஊருக்குப் போய்த் திரும்ப வசதி இல்லை. அதனால் விடுமுறையில் ஒரு நாள் சென்னப்பன் தன் கொட்டகையில் அவர்களுக்கு இலவசமாகப் படம் காட்டுவார். வருஷம் முழுவதற்கும் அவர்கள் பார்க்கும் படம் அது ஒன்றுதான். இந்த வருஷம் கொட்டகையில் இருந்ததோ குகைப் படம். வேறு படப்பெட்டி வருவதற்குத் தீபாவளி ஆகிவிடும்.

விடுதிக் கமிட்டியில் பாதிப் பேர் கூடாது என்றார்கள், பாதிப் பேர் பாதகமில்லை என்றார்கள். படத்தைப் பார்த்தவர் இரண்டு பக்கத்திலும் ஒருவர்கூட இல்லை. நரசிம்மமூர்த்தி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"நமக்குள்ள எதுக்கு வாதம்? பார்க்கப்போறவா குழந்தைகள். அவாளையே கேட்டுடலாம்."

அப்படி வந்தவர்கள்தாம் இந்த மூவர். பூமா, நரசிம்மமூர்த்தியின் பக்கத்து வீட்டுப் பெண், பன்னிரண்டு வயது, பொய் சொல்லமாட்டாள் என்று தெருவில் பெயர் எடுத்தவள். பசவராஜ், விடுதிக்குத் துணி கொடுக்கும் ஜவுளிக்கடைக்காரரின் மகன். மூன்றாவது மாதேவி, மலையடி ராமாபுரத்துப் பெண், விடுதியில் இருப்பவள். அவளை மற்றப் பிள்ளைகளே கூடிப் பேசித் தேர்ந்தெடுத்து அனுப்பியிருந்தார்கள்.

சென்னப்பன் சரிகைத் தலைப்பாகையோடு வாசலில் நின்று அவர்களை வரவேற்றார்.

"வாங்க, நீதிபதிங்களே. சாமி, நீங்களும் வாங்க," என்று நரசிம்மமூர்த்தியைக் கும்பிட்டார். "நல்ல நேரத்துல வந்தீங்க. புது மிசின் வந்திருக்குதுங்க, பெங்களூர்ல இருந்து. ரெண்டு மிசின் இப்ப நம்மகிட்ட."

"ஒரு படத்துக்கு ரெண்டு மெஷின் எதுக்கு ஓய்?"

"அப்படிக் கேளுங்க. இத்தனை நாளா ஒரு ரீல் முடிஞ்சா லைட்டைப் போட்டு நிறுத்துவோம். மிசின் ஓட்டற ஜடையன் அடுத்த ரீலை மாட்டற வரைக்கும் சனங்க சும்மா குந்தியிருக்கோணும். இனி அது இல்லைங்க. ஒண்ணு முடியறதுக்குள்ள இன்னொண்ணு புடிச்சுக்கும். இன்னைக்கு நீதிபதிங்களுக்காக இடைவேளைகூட வேண்டாம்னு சொல்லிப்போட்டேன். தொடங்கினா கடைசிவரைக்கும் கண் சிமிட்ட விடமாட்டான்."

நல்ல மனசோடுதான் சொன்னார். வந்த விருந்தாளிக்கு நெய்யைக் குறைவில்லாமல் ஊற்றுகிறவரைப் போல, இருப்பதிலேயே உயர்ந்ததைக் கொடுக்க நினைத்தார்.

மூவரும் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். நரசிம்மமூர்த்தி பின்னால் ஒரு நாற்காலியில் அமர்ந்தார். பசவராஜ் காலை நீட்டிக்கொண்டான்.

"மந்திரவாதி கை நீளமா வருமாம். அது மரக்கட்டை. எங்க மாமா பெங்களூர்லயே பார்த்துட்டாரு. நீங்க ரெண்டு பேரும் பயந்தா என்கிட்ட சொல்லுங்க."

"நீ பயந்தா யார்கிட்ட சொல்லுவே?" என்றாள் பூமா.

"நானா? சும்மனே இரு."

விளக்கு அணைந்தது.

முதலில் அரண்மனை, தோட்டம், பாட்டு. பிறகு இருட்டு. நீளமான ஒரு கூடம். அதில் குழந்தைகள் பாயில் வரிசையாகப் படுத்திருக்கிறார்கள். சன்னல் வழியாக ஒரு கை வந்தது. கை மட்டும்தான். அது வளர்ந்துகொண்டே, ஒவ்வொரு குழந்தையின் கழுத்தருகிலும் நின்று நின்று நகர்ந்தது. காலையில் குழந்தைகள் எழுந்து அம்மா என்று கூப்பிட வாயைத் திறந்தார்கள், சத்தம் வரவில்லை. கொட்டகையிலும் சத்தமே இல்லை. அடுத்தது குகை. அங்கே வரிசை வரிசையாகப் பானைகள். பானைகளுக்குள்ளிருந்து யாரோ முனகினார்கள்.

பூமாவின் கைமேல் சில்லென்று ஒரு கை பட்டது. மாதேவியின் கை.

"அக்கா," என்றாள் மாதேவி மிக மெல்ல. "விடுதியில நாங்களும் இப்படித்தான் வரிசையாப் படுத்திருப்போம்."

பூமா அந்தக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"நான் பயந்தேன்னு சொல்லிப்போடாதீங்கக்கா. சொன்னா எங்க புள்ளைங்களுக்குப் படம் இல்லாமப் போயிரும். சித்தம்மான்னு ஒருத்தி இருக்கறா, எல்லாருக்கும் சின்னவ. அவ ஒரு படங்கூடப் பார்த்ததில்லை. நேத்தே பாவாடையைத் துவைச்சு மடிச்சு வெச்சுட்டா."

பூமா மறுபக்கம் திரும்பிப் பார்த்தாள். பசவராஜ் சட்டையைத் தலைக்குமேல் இழுத்துவிட்டுக்கொண்டு, பொத்தான் இடைவெளி வழியாகப் படம் பார்த்துக்கொண்டிருந்தான். பின்னாலிருந்து நரசிம்மமூர்த்தி பெருமாள் திருநாமங்களை முணுமுணுப்பது கேட்டது.

படம் நிற்கவில்லை. ஒரு ரீல் எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே ஆரம்பித்தது என்றே தெரியவில்லை. கடைசியில் அந்தச் சிறுமி ஒரு கல்லை எடுத்துப் பானைகளை உடைத்தாள். குரல்கள் பறவைகளைப்போல் வெளியே கிளம்பின. ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குழந்தை அம்மா என்றது. விளக்கு எரிந்தபோது மூவரின் கன்னமும் ஈரமாக இருந்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

வாசல் அறையில் சென்னப்பன் பாதாம் பால் வரவழைத்திருந்தார். நரசிம்மமூர்த்தி முகத்தை மேல்வேட்டியால் துடைத்துக்கொண்டு, விசாரணையை ஆரம்பித்தார்.

"பசவராஜ், நீ சொல்லுப்பா. பயமா இருந்ததா?"

"இல்லை சார். கொஞ்சங்கூட இல்லை." தலைமுடி எல்லாம் கலைந்திருந்தது.

"மாதேவி?"

"பயமே இல்லீங்க." அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"பூமா?"

பூமா பாதாம் பால் டம்ளரைக் கீழே வைத்தாள். உண்மையைச் சொன்னால் அந்தப் பிள்ளைகளின் ஒரே படம் போய்விடும். மாதேவி பொய் சொன்னவள் ஆவாள். பொய் சொன்னால், சித்தம்மா பாயில் படுத்துக்கொண்டு சன்னலைப் பார்த்துக்கொண்டே விழித்திருப்பாள். பெருமாளே, பொய்யும் வேண்டாம், அந்தக் குழந்தைகளுக்கு ஏமாற்றமும் வேண்டாம் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டாள். பிறகு தன்னைப் பற்றி மட்டும் சொன்னாள்.

"எனக்கு ரொம்பப் பயமா இருந்தது, மாமா. பக்கத்துக் கையைப் பிடிச்சுண்டேதான் உட்கார்ந்திருந்தேன்."

பொய் சொல்லாத பெண் என்று பெயரெடுத்தவள், பயந்தேன் என்று வெட்கப்படாமல் சொன்னதும், அறையில் ஏதோ இளகியது.

"எனக்கும்தானுங்க," என்றாள் மாதேவி.

எல்லோரும் பசவராஜைப் பார்த்தார்கள். அவன் டம்ளருக்குள் பார்த்தான்.

"ஸ்வல்பம் இருந்துது," என்றான்.

நரசிம்மமூர்த்தி பெருமூச்சு விட்டார். "அப்போ ஆகாதுன்னுதானே அர்த்தம். சென்னப்பன், மன்னிக்கணும். இந்த வருஷம் விட்டுடலாம்."

மாதேவியின் கண்கள் நிறைந்துவிட்டன. அவள் தேம்பவில்லை, துடைக்கவும் இல்லை.

"ஆகாதுன்னு நான் சொல்லல்லே மாமா," என்றாள் பூமா அவசரமாக. "கதை நன்னா இருந்தது. பானை உடைஞ்சு எல்லாக் குழந்தையும் பேசினதும் சந்தோஷத்துல எனக்கு அழுகை வந்துடுத்து. அந்தப் பொண்ணு எவ்வளவு தைரியம். அதைப் பார்க்காம விடப்படாது. நடுவுலதான் மூச்சு விடவே இடம் இல்லை."

"போன வருஷம் பாம்புப் படத்துல பாம்பு ராஜாவையே முழுங்கிடுச்சு," என்றான் பசவராஜ். "அப்ப நான் பயப்படலை."

"ஏன்டா பயப்படலை?"

பசவராஜ் யோசித்தான். "முழுங்கினதும் லைட் வந்துது. கடலேகாய் வாங்கினேன்."

சென்னப்பன் சிரித்துவிட்டார். ஆனால் மாதேவி சிரிக்கவில்லை. தலையை நிமிர்த்தினாள்.

"நெசந்தானுங்க," என்றாள். "விடுதியில சின்னப் புள்ளைங்க கெட்ட கனாக் கண்டு எந்திரிச்சா, எங்களைப் பார்த்துக்கற லிங்கம்மாக்கா லாந்தர் திரியை ஏத்தி விடுவாங்க. நாங்க எல்லாரும் எல்லார் மொகத்தையும் ஒருக்காப் பார்த்துக்குவோம். அவ்வளவுதான். அப்புறம் அந்தப் புள்ளையே, எறக்கிருங்கக்கான்னு சொல்லிரும். சொன்னதுக்கப்புறம்தான் எறக்குவாங்க."

சென்னப்பன் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்ப என்ர புது மிசினை நிறுத்தி வெக்கோணுங்கறீங்க."

"குழந்தைகள் ஆட்டத்துக்கு மட்டும், மாமா," என்றாள் பூமா.

"ஊர்ல எல்லாரும் புதுசு வாங்கினா ஓட்டிக் காட்டுவாங்க. நான் வாங்கித் துணி போட்டு மூடி வெக்கறேன்." முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை. "ஆகட்டும் தாயி. ஒரு மிசின்லயே ஓட்டறோம். ரீலுக்கு ரீல் லைட் போடச் சொல்றேன். கடலைக்காயும் என்ர செலவு."

"அப்படின்னா தீர்ப்பு சொல்லலாம்," என்றார் நரசிம்மமூர்த்தி. "படம் ஆகலாம், விளக்கோட. எனக்கும் அதுதான் சௌகரியம்."

"நீங்க கண்ணே தொறக்கலையே சார்," என்றான் பசவராஜ். "நான் திரும்பிப் பார்த்தேனே."

"தியானத்துல இருந்தேன்."

"சட்டைக்குள்ள இருந்தவனுக்குப் பின்னால நடந்தது எப்படித் தெரிஞ்சது?" என்றாள் பூமா. இந்தத் தடவை மாதேவியும் சிரித்தாள்.

படம் காட்டிய நாளில் விடுதிப் பிள்ளைகள் இரண்டிரண்டு பேராகக் கை கோத்துக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு சின்னப் பிள்ளைக்குப் பக்கத்திலும் ஒரு பெரிய பிள்ளை உட்காரவேண்டும் என்று மாதேவி ஏற்பாடு செய்திருந்தாள். சித்தம்மா, மடிப்புக் கலையாத பாவாடையோடு மாதேவிக்கும் நரசிம்மமூர்த்திக்கும் நடுவில் உட்கார்ந்தாள். கால் தரைக்கு எட்டவில்லை. பூமாவும் பசவராஜும் பின்வரிசையில் இருந்தார்கள்.

சன்னல் வழியாகக் கை வந்தது. வளர்ந்தது. கொட்டகை முழுவதும் மூச்சை அடக்கிக்கொண்டது. ஒரு குழந்தை விசும்பத் தொடங்கிய நேரத்தில் ரீல் முடிந்து விளக்குகள் பளிச்சென்று எரிந்தன.

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லோரும் இருந்தார்கள். யார் கழுத்திலும் எந்தக் கையும் இல்லை. ஒருத்தி பக்கத்தில் இருந்தவளின் மடிக்குள் தலையைப் புதைத்திருந்தாள். அவளைப் பார்த்து ஒருத்தி சிரிக்க, சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது. கடலைக்காய் வந்தது. சித்தம்மா நரசிம்மமூர்த்தியின் ஆள்காட்டி விரலைப் பிடித்திருந்தாள். அவர் அவள் கையை அதைவிட இறுக்கமாகப் பிடித்திருந்தார்.

"தாத்தா, பயந்துக்காதீங்க," என்றாள் அவள். "எல்லாரும் இருக்கறோம்."

"ஆமாம்மா," என்றார் அவர். "பார்த்தேன்."

ஜடையன் ரீலை மாட்டிவிட்டு, இயந்திர அறையின் சிறு சன்னல் வழியாகத் தலையை நீட்டினான். "முதலாளி, அணைக்கட்டுமா?"

சென்னப்பன் வாசலருகே நின்றிருந்தார். வாயைத் திறந்தவர், மாதேவி சொன்னது ஞாபகம் வந்து மூடிக்கொண்டார்.

"என்னைக் கேக்காதே," என்றார். "அந்தச் சின்னத் தாயியைக் கேளு."

கொட்டகை முழுவதும் சித்தம்மாவைத் திரும்பிப் பார்த்தது. அவள் வாயில் இருந்த கடலையை நிதானமாக மென்று முடித்தாள். பிறகு பெஞ்சியின்மேல் ஏறி நின்றுகொண்டு, முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசைவரை ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். வெகு நேரம் ஆயிற்று. யாரும் அவசரப்படுத்தவில்லை.

"ம்," என்றாள். "இப்ப அணைங்க."