தட்டினால் மூடாத சிப்பிகள்

இதனால் சகலமான பேருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், ஹூக்ளி முகத்துவாரத்துச் சிப்பிகள் பரிபூரண ஆரோக்கியத்துடன் உள்ளன. எண்ணெய்ப் படகு கவிழ்ந்ததில் அவற்றுக்கு மனவருத்தம்கூட இல்லை.

கல்கத்தாவின் சால்ட் லேக் அரங்கில் இதை வாசித்தவர் கடலாய்வு நிலைய இயக்குநர் அனந்தகிருஷ்ணன். சிப்பிகளைச் சோதித்த நிலையத்து ஆய்வாளர் ரோஹிணி அதில் கையெழுத்துப் போட்டுவிட்டால், எண்ணெய் அள்ளும் வேலையைப் படகுக் கம்பெனி நிறுத்திக்கொள்ளலாம். அவளோ மேடையில் இரண்டு தட்டுகளில் சிப்பிகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பெங்காலிகள் நடுவே ரகசியம் பேச அனந்தகிருஷ்ணன் முப்பது வருஷமாகத் தமிழைத்தான் நம்பியிருந்தார்.

"ரோஹிணி, பேசாம கையெழுத்தைப் போட்டுடு. கம்பெனிக்காரா முன் வரிசையில உக்காந்திருக்கா."

"மாட்டேன் சார். எண்ணெய்த் தண்ணியை வடிகட்டி வடிகட்டிச் செவுளே அழிஞ்சு போச்சு. தட்டினா வாயை மூடக்கூட தெம்பில்லை."

"தூங்கறதோ என்னமோ."

"அப்போ நீங்களே எழுப்புங்கோ."

பின்னால் சாப்பாட்டு மேஜையில் வடை அடுக்கிக்கொண்டிருந்த ஹோட்டல்காரர் கதிரேசன் சிரித்துவிட்டார்.

"சார், மைக்கு ஓடிக்கிட்டிருக்கு."

"கீ போல்லேன், தாதா?" என்று நிருபர்கள் கதிரேசனைச் சூழ்ந்துகொண்டார்கள். இயக்குநர் என்ன சொன்னார் என்பதை, தூக்கம் உட்பட, அவர் சுத்தமான பெங்காலியில் எடுத்துச் சொன்னார்.

"தட்டிக் காட்டுங்கள்" என்றது அரங்கம்.

பிறந்ததிலிருந்து சைவமான அனந்தகிருஷ்ணன் கையால் தொடுவாரா? கையெழுத்துக்கென்று கொண்டுவந்திருந்த தங்கப் பேனாவால் தட்டினார். சிப்பி வாயைப் பிளந்தபடியே கிடந்தது. அடுத்ததும் அப்படியே.

"எல்லாமே இப்படித்தானோ?" என்று முனகியபடி பேனா முனையை மற்றத் தட்டுக்குக் கொண்டுபோனார். லபக்கென்று ஓடு மூடிக்கொண்டது. பேனா மாட்டிக்கொண்டது. இழுத்தார்; சிப்பியும் கூடவே வந்தது.

"அது எண்ணெய் படாத கடல்லேர்ந்து கொண்டுவந்தது சார். ஆரோக்கியம்னா அதுதான்."

"பேனாவை எடுத்துக் கொடு."

"அதுகிட்டயே கேட்டுக்கோங்கோ. கொடுத்தாலும் நான் போட மாட்டேன்."

முன் வரிசை காலியானது. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. அனந்தகிருஷ்ணன் பேனாவும் சிப்பியுமாகக் காரில் ஏறினார்.

எண்ணெயை இன்னும் யாரும் அள்ளி முடிக்கவில்லை.