தனி அடுப்பு

"மலம் குடுக்கவா என்னைக் கூப்பிட்டீங்க?" காதர்பேட்டை பனியன் வியாபாரி ரஷீத் ராவுத்தரின் குரல் ஆஸ்பத்திரி வராந்தா வரை கேட்டது.

மகன் தௌபிக் நிமிரவில்லை. எச்.ஐ.வி. மாத்திரையில் அவனுக்குக் கிருமி அடங்கிவிட்டது. எதிர்ப்புச் சக்திதான் ஏறவில்லை. குடலிலுள்ள நல்ல பாக்டீரியாக்கள் குறைந்ததுதான் காரணமா என்று ஆராய்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, அவன் சாப்பிடும் சாப்பாட்டையே சாப்பிடும், நோயில்லாத ஒருவரின் மல மாதிரியும் வேண்டுமாம்.

ராவுத்தர் பல்லைக் கடித்தார். குடும்ப மானம்தான் போயிற்று, மகனாவது மிஞ்சட்டும். "டப்பாவைக் குடும்மா."

"ரெண்டு பேருக்கும் ஒரே சமையல்தானுங்களே?" என்றாள் நர்ஸ் தமிழ்மதி.

ராவுத்தர் டப்பாவுக்குக் கை நீட்டினார்.

"இல்லீங்க," என்றான் தௌபிக். "எனக்கு மாடியில தனி அடுப்பு, தனித் தட்டு. அத்தா உத்தரவு. அந்த அடுப்பை நான் பத்த வெக்கறதே இல்ல. மூணு வேளையும் எங்ககிட்ட பனியன் துணி வெட்டற கட்டிங் மாஸ்டர் வெள்ளையன் ஊட்டுச் சாப்பாடுதானுங்க."

"கூடச் சாப்பிட்டா ஒட்டாதுன்னு நோய் தெரிஞ்ச அன்னிக்கே சொன்னமுங்களே ஐயா," என்றாள் தமிழ்மதி. "அப்ப அவரைத்தான் வரச் சொல்லோணும்."

"பெத்தவன் நானிருக்க எவனோ ஒருத்தனா?" ராவுத்தர் மேசையில் குத்தினார். "நம்ம ஊட்டுச் சங்கதியை அவன்கிட்டப் போய்ச் சொல்லுவியாடா?"

"அவருக்குத் தெரியும் அத்தா. தெரிஞ்சுதான் பக்கத்துல உக்கார வெச்சுச் சோறு போடறாரு."

தௌபிக் போனை எடுத்தான். எதற்கென்று கூடக் கேட்காமல் வெள்ளையன் வருகிறேன் என்றது ராவுத்தர் காதிலும் விழுந்தது. அந்த ஆள் வந்து சேர்வதற்குள் போய்விட வேண்டுமென்று, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.