டச்சப் செய்த ஸ்கேன் படம்

ஸ்கேன் அறையில் முதலில் எல்லோரும் சிரித்தார்கள். படத்தில் அவள் வயிற்றுக் குழந்தை நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. "பொறக்குறதுக்கு முன்னாடியே பழிப்புக் காட்டுது பாருங்க" என்று ஸ்கேன் எடுத்த பெண்ணே சொன்னாள். அடுத்த முறை எடுத்தபோதும் அது உள்ளே போகவில்லை. டாக்டர் வந்து பார்த்தார். நாக்கு உள்ளேதான் இருந்தது. வெளியே நீட்டியிருந்தது ஈறில் முளைத்த கட்டி.

"புத்துநோய் இல்லம்மா. ரொம்ப அபூர்வமா வர்ற சாதாரணக் கட்டி, வெட்டி எடுத்துடலாம். ஆனா மூச்ச அடைச்சுதுன்னா பொறந்த நிமிஷமே சர்ஜன் பக்கத்துல நிக்கணும். பெரிய ஆஸ்பத்திரியிலதான் பிரசவம்."

அவள் கணவன் ஸ்டூடியோக்காரன். பாஸ்போர்ட் படத்துக்கு உட்காருகிறவர்களின் பரு, தழும்பு எல்லாவற்றையும் கேட்காமலே அழித்துவிடுவான். கை அப்படிப் பழகிவிட்டது. அன்று சாயங்காலம் ஸ்கேன் படத்தில் தன் பிள்ளையின் வாயையும் துடைத்து, மூடிய உதடு வைத்து, குடும்பக் குழுவில் போட்டுவிட்டான்.

"ஏங்க இப்படிப் பண்ணீங்க?"

"நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. எப்படியும் எடுத்துடத்தானே போறாங்க?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனுக்கு, அந்தச் சோற்றை முதலில் தின்னப்போவது தன் அம்மாதான் என்று தோன்றவில்லை.

"புள்ள மூஞ்சி நிலாவாட்டம் இருக்கு" என்றாள் மாமியார், போனைப் பெரிதாக்கிப் பார்த்தபடி. "பெரிய ஆஸ்பத்திரி எதுக்கு? நம்ம தெரு நர்ஸம்மா போதும்."

"வாயில கட்டி இருக்கு அத்தை."

"படத்துல எங்கடி கட்டி?"

அவள் கணவனைப் பார்த்தாள். ஒரு வார்த்தை போதும். அவன் ஸ்டூடியோ சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். அம்மா முன்னால் பொய்யனாவதைவிடப் பிள்ளை மூச்சுத் திணறுவது அவனுக்குச் சின்ன விஷயம். வலி வருமுன்பே அவள் அண்ணனை வரச்சொல்லிப் பெரிய ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

பெண் குழந்தை. அழ வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. காத்திருந்தவர்கள் குழாய் செருகி மூச்சுக் கொடுத்தார்கள். கட்டியை வெட்டி எடுத்தார்கள். பிறகுதான் அந்த அழுகை கேட்டது. அவளும் கூடவே அழுதாள்.

பார்க்க வந்த மாமியார், குழந்தை முகத்துக்குப் பக்கத்தில் போனை வைத்து ஒப்பிட்டாள்.

"பாத்தியா? அச்சு அசல் என் புள்ள அனுப்புன படம். ஒண்ணும் இல்லாததுக்கு என்னா ஆர்ப்பாட்டம்!"

அவள் கணவன் பக்கம் திரும்பினாள். "இப்பவாவது சொல்லுங்க."

அவன் கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே தன் அம்மாவிடம் சொன்னான்.

"கொஞ்சம் தள்ளிக்கம்மா. பாப்பா மூஞ்சியில நிழல் விழுது."