வளர்ந்துவிட்ட பொம்மை

அந்தச் சோதனைக் கூடத்தில் பாப்பா என்றால் ரப்பர் பொம்மை. எட்டு மாதக் குழந்தையின் அளவு. தலை கிடையாது, கை கால் கிடையாது, நெஞ்சும் வயிறும் மட்டும். ஆனால் செய்தவர்கள் வயிற்றுக்குள் எந்தக் குறையும் வைக்கவில்லை. கல்லீரல், குடல், முதுகெலும்பை ஒட்டி ஓடும் பெரிய ரத்தக்குழாய், அதன்மேல் சாய்ந்தாற்போல் ஒரு கட்டி. குழாய்க்குள் சிவப்புத் தண்ணீர். எல்லாவற்றுக்கும் மேலே இழுத்து மாட்டிய தோல். தோலில் துளை போட்டு, காற்றடித்து வயிற்றை உப்ப வைத்து, அறுவை இயந்திரத்தின் கைகளை உள்ளே விட்டுக் கட்டியை எடுக்க வேண்டும். சிவப்புத் தண்ணீர் கசிந்தால் பாப்பா போய்விட்டது என்று அர்த்தம். துடைத்துவிட்டு, குழாயை மாற்றி, மறுபடி படுக்க வைப்பார்கள். பொம்மைக்கு அந்த வசதி உண்டு.

இயந்திரம் பெரியவர்களுக்கென்று செய்தது. அதையே சின்னக் குழந்தைகளுக்கும் பயன்படுத்தலாமா என்று பார்ப்பதுதான் அங்கே வேலை. பெரியப்பாவின் சட்டையைக் கைக்குழந்தைக்குப் போட்டுப் பார்த்து, எங்கே மடிக்கலாம், எங்கே பிடித்துத் தைக்கலாம் என்று யோசிக்கிற மாதிரிதான். அந்த வேலையைப் பார்த்த பொறியாளருக்குக் கூடத்தில் வைத்திருந்த பெயர் கறார். யாராவது காற்றின் அழுத்தத்தை இம்மியளவு கூட்டினாலும் சோதனையை முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுவாள். முகத்துக்கு நேரேயே கறார் மேடம் என்று கூப்பிடுவார்கள். அவளுக்கு அதில் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

கறாருக்கு ஒரே தம்பி. தம்பிக்கு ஒரே பெண், எட்டு மாதம், வீட்டில் சுண்டு என்று கூப்பிடுவார்கள். சுண்டுவின் வயிற்றில், பொம்மைக்கு இருந்த அதே இடத்தில், ஒரு கட்டி இருந்தது. போதாததற்குப் பிறக்கும்போதே இதயமும் பலவீனம். வயிற்றைப் பெரிதாகக் கிழித்தால் தாங்க மாட்டாள், சிறு துளை வழியாக இயந்திரம் செய்தால் தாங்குவாள் என்று குழந்தைகள் அறுவை டாக்டரம்மா சொல்லியிருந்தார். கூடத்துக்கு வந்து இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து பொம்மையை அறுத்துக் காட்டுபவரும் இதே டாக்டரம்மாதான். குழந்தைகளுக்கு இதைப் பயன்படுத்த அனுமதி மட்டும் கிடைக்கட்டும், முதல் குழந்தையாக இவளைத்தான் எடுப்பேன் என்று தம்பியிடம் வாக்குக் கொடுத்திருந்தார். அந்தக் கூடத்தில் இந்த விஷயம் கறாருக்கும் டாக்டரம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

ஆரம்பத்தில் தினமும் சிவப்புத் தண்ணீர்தான். உள்ளே இடமே இல்லை. ஒரு கை திரும்பினால் இன்னொன்றில் இடிக்கும், இடித்த வேகத்தில் நுனி பின்னால் போய்க் குழாயைக் குத்தும். கறார் விடவில்லை. துளைகளைத் தள்ளிப் போட்டாள், கோணத்தை மாற்றினாள், கைகள் உள்ளே போகும் வரிசையை மாற்றினாள். இத்தனையையும் ஒரே தோலில் செய்தாள். தோலை மாற்றிவிட்டால் நேற்றைய சோதனையை இன்றையதோடு எப்படி ஒப்பிடுவது? துளை கிழிந்தால் ஒட்டுப் போடு, தோலைத் தொடாதே என்பது அவள் போட்ட சட்டம். மெதுவாகக் கசிவு குறைந்தது. பிறகு நின்றேபோனது. வாரக்கணக்கில் ஒரு சொட்டுக்கூட இல்லை.

அவள் தம்பி வீட்டுக்குப் போய், முடிஞ்ச மாதிரிதான் என்று சொல்லிவிட்டு வந்தாள். வாய் தவறிக்கூட அப்படிச் சொல்கிறவள் இல்லை அவள். தம்பி மனைவி அன்று ராத்திரிச் சாப்பாட்டில் உப்புப் போட மறந்தாள். யாரும் கண்டுகொள்ளவில்லை.

அனுமதி கொடுக்கும் குழு வருவதற்கு முந்தின நாள் மத்தியானம் கறாருக்கு ஓர் ஆசை வந்தது. பாப்பா பார்க்கச் சகிக்காமல் கிடந்தது, ஒட்டுக்கு மேல் ஒட்டு. பெரிய மனிதர்கள் வருகிற நாளில் நல்லதாக ஒன்று போட்டுவிடலாம் என்று பெட்டியிலிருந்து புதுத் தோலை எடுத்து மாட்டினாள். விசேஷத்துக்குப் பிள்ளையைச் சிங்காரிக்கிற மாதிரி துளைகளைச் சுத்தமாகப் போட்டாள். டாக்டரம்மா ஒத்திகைக்கு உட்கார்ந்தார். கைகள் உள்ளே போன கொஞ்ச நேரத்திலேயே இடித்தன. சிவப்பு வழிந்தது.

தோலில்தான் கோளாறு என்று அவள் இன்னொன்றைப் பிரித்தாள். அதிலும் சிவப்பு. பழையதை மாட்டினாள், சொட்டுக் கசியவில்லை. மறுபடி புதியது. நாலைந்து தடவை செய்ததில் ஒரே ஒரு தடவை தப்பியது. கடைசியில் இரண்டு தோலையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்த்தாள். பழையது, துவைத்துத் துவைத்துத் தொங்கிப்போன பனியன் மாதிரி இருந்தது. தினமும் காற்றடித்ததில் நெகிழ்ந்து நெகிழ்ந்து உள்ளே இடம் கொடுத்துக்கொண்டே வந்திருக்கிறது. துளையும் கோணமும் வரிசையும் ஒன்றையும் சாதிக்கவில்லை. அவளுடைய கறார்தான் அத்தனை பேரையும் ஏமாற்றியிருக்கிறது.

"நம்ம பாப்பா வளர்ந்துட்டா," என்றார் டாக்டரம்மா. "இப்ப இவளுக்கு அஞ்சாறு வயசு இருக்கும்." சிரிக்கத்தான் சொன்னார், இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

விஷயம் மேலாளர் காதுக்குப் போனது. வாயைத் திறந்தால் எப்போ முடியும், தேதி சொல்லுங்க என்று கேட்பதால் அவருக்குத் தேதி என்றே பெயர். அவர் வந்து இரண்டு தோலையும் தடவிப் பார்த்தார். கெட்டவர் இல்லை, பாவம், அவருக்கு மேலே இன்னும் பெரிய தேதிகள் இருந்தார்கள். பழையதையே மாட்டுங்க, குழு பார்த்துட்டுப் போகட்டும், அப்புறம் நாமளே மெதுவா சரி பண்ணிக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கறார் பழைய தோலைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாட்டிவிடலாமா என்று நினைத்தாள். நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். நாலைந்தில் ஒன்று தப்பியதே, அந்த ஒன்று சுண்டுவாக இருக்கக் கூடாதா? ஆனால் அனுமதி சுண்டுவோடு நின்றுவிடாது. அவளுக்குப் பின்னால் இன்னும் எத்தனையோ குழந்தைகள் அந்த மேஜையில் படுப்பார்கள், அவர்களுடைய அத்தைகளுக்குத் தோலைப் பற்றி ஒன்றும் தெரியாது.

"எனக்கு உள்ளே தொடுற உணர்வே கிடையாது, திரையில பார்க்கிறதுதான்," என்றார் டாக்டரம்மா. "குத்தின பிறகுதான் எனக்கே தெரியும். நாளைக்கு எதை மாட்டப் போற?"

"புதுசு," என்றாள். சொன்ன மறுகணமே அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாதா என்று இருந்தது.

மறுநாள் குழு பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்புத் தண்ணீர் மேஜையில் வழிந்தது. இயந்திரத்தின் கைகளை மெல்லியதாக்கி, எல்லாவற்றையும் முதலிலிருந்து சோதித்துக்கொண்டு வரச் சொல்லிவிட்டார்கள். அதற்கு வருஷங்கள் ஆகும். சுண்டுவின் கட்டிக்கு அவ்வளவு பொறுமை கிடையாது என்பதை டாக்டரம்மா படிக்கட்டில் இறங்கும்போது நாசூக்காகச் சொன்னார். வேறு வழி உண்டா என்று அவளும் கேட்கவில்லை, இருந்தால் அவரே சொல்லியிருப்பார்.

சாயங்காலம் தம்பி வீட்டுக்குப் போனாள். சுண்டு அவன் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள், அவன் சட்டைக் காலர் எச்சிலில் நனைந்திருந்தது. தம்பி மனைவி அவள் முகத்தைப் பார்த்ததுமே எழுந்து சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். கறார் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பழைய தோல், புதுத் தோல், தேதி சொன்னது, அவள் செய்தது, எதையும் மறைக்கவில்லை. தம்பி குறுக்கே பேசாமல் கேட்டான். சத்தம் போட்டிருந்தால் அவளுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

"ஒரு தடவை தப்பிச்சுதுன்னியே," என்றான்.

"ஒரே ஒரு தடவைடா."

அவன் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொடுத்தான். உள்ளே தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது.

"நீ எதுக்குக்கா தோலை மாத்தின?" என்றான் கடைசியில். கோபமே இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டான். "அப்படியே விட்டிருந்தா யாருக்குமே தெரிஞ்சிருக்காதே."

"இவ தோல் புதுசுடா," என்றாள்.

தம்பி குழந்தையை இன்னொரு தோளுக்கு மாற்றிப் போட்டுக்கொண்டு அறைக்குள் போனான்.