தொடக்கூடாத மேசை

ஒஹையோவில் வாழும் ஒரு குடும்பத்தின் சமையலறை எங்கள் டொரான்டோவில், ஒரு பழைய கிடங்குக்குள் இருந்தது. ஓர் அமெரிக்க டிவி தொடருக்காக அந்தச் செட்டை அலங்கரித்தவள் நான். காலை உணவுக் காட்சி பாதியில் நின்றுபோனது. மீதியைத் திருத்தி எழுத வேண்டிய எழுத்தாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கி, லாஸ் ஏஞ்சலஸ் தெருவில் அட்டையைப் பிடித்துக்கொண்டு கோஷம் போட்டுக்கொண்டிருந்தார். அவர்கள் கேட்டது நியாயம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அடுப்பு அணைந்தது எங்கள் வீட்டிலும்தான்.

பாதிக் காட்சியில் நிற்கும் செட்டைச் சுற்றிச் சிவப்பு நாடா ஒட்டுவோம். அப்புறம் ஒருவரும் எதையும் தொடக்கூடாது. கடித்த ரொட்டி, பின்னுக்குத் தள்ளிய நாற்காலி, ஜன்னல் பக்கம் கைப்பிடி திரும்பிய கோப்பை, எல்லாம் அப்படியே இருந்தால்தான் மறுபடி தொடங்கும்போது காட்சி பொருந்தும். ரொட்டி கெட்டுப்போகாமல் இருக்க வார்னிஷ்கூட அடித்திருந்தேன்.

என் கணவன் லாக்லன் அதே தொடரில் லைட்மேன். ஜூனில் தினமும் சண்டை போட்டோம். ஜூலையில் நடிகர்களும் வேலைநிறுத்தத்தில் சேர்ந்த பிறகு அதற்கும் தெம்பில்லை.

"ஆல்பர்ட்டாவுல அண்ணன் வேலை வாங்கித் தர்றேங்கிறான். ரெண்டு பேரும் போயிடலாம், கோரின்."

"செட்டு அப்படியே நிக்குது. எப்ப வேணா கூப்பிடுவாங்க."

"யாரு, உன் ஒஹையோக்காரங்களா? அவங்க ரொட்டிக்கு வார்னிஷ் அடிச்சே, நம்ம வீட்டுல பால் இருக்கான்னு பாத்தியா?"

"ஒரு மாசம் பொறு."

"போன மாசமும் இதான் சொன்னே. நான் கிளம்பினா திரும்பி வர மாட்டேன். வர்றதுன்னா இப்பவே சொல்லு."

நான் சொல்லவில்லை. வாரா வாரம் கிடங்குக்குப் போய், எல்லாம் வைத்த இடத்தில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வந்தேன். யாரும் போகச் சொல்லவில்லை, சம்பளமும் இல்லை. கிறுக்குத்தான்.

ஆகஸ்டில் ஒரு நாள் காலை, லாக்லன் காபியைப் பாதி குடித்துவிட்டு எழுந்தான். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நான் வாசல்வரைகூடப் போகவில்லை. அழுகை வரும் என்று உட்கார்ந்திருந்தேன். வரவில்லை.

இலை பழுக்கிற காலத்தில் எழுத்தாளர்கள் ஜெயித்தார்கள். நடிகர்களும் ஒருவழியாக உடன்பட்டதும் என் மேலதிகாரி மார்லீஸ் போன் செய்தாள்.

"கோரின், சீரியலையே ஊத்தி மூடிட்டாங்கடி. கிடங்கைக் காலி பண்ணணும். வந்துடு."

போனேன். நாடாவைப் பிய்த்தேன், ரொட்டியைக் குப்பையில் எறிந்தேன், கோப்பைகளைப் பெட்டியில் போட்டேன். மதியத்துக்குள் ஒஹையோ காலி. என்னவோ செய்யும் என்று நினைத்திருந்தேன், ஒன்றும் செய்யவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி மரத்துக் கிடந்தது மனசு.

மார்லீஸ்தான் காரில் வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டாள்.

"ஒரு காபியாவது போடுவியா, இல்ல வாசலோட துரத்திடுவியா?" என்றபடி எனக்கு முன்னால் சமையலறைக்குள் போனாள்.

மேசைமேல் ஒரு கோப்பை மட்டும் இருந்தது. கைப்பிடி கதவுப் பக்கம் திரும்பியிருந்தது.

"சீ, என்னடி இது, பூஞ்சை பூத்துக் கிடக்கு! ஊரான் வீட்டு மேசையை அவ்ளோ சுத்தமா வெச்சிருந்தே, சொந்த வீட்டுல இந்த லட்சணமா?" கழுவிவைக்கக் கையை நீட்டினாள்.

"தொடாதே!"

அது என் குரல்தான். லாக்லன் போனதிலிருந்து நான் கத்தியது அதுதான் முதல் தடவை.

அவள் கை அந்தரத்தில் நின்றது. பின்னுக்குத் தள்ளிக் கிடந்த நாற்காலியைப் பார்த்தாள். மேசையின் நாலு காலையும் சுற்றி ஒட்டியிருந்த சிவப்பு நாடாவை அப்போதுதான் கவனித்தாள்.

"கோரின், அவன் வர மாட்டான்டி" என்றாள் மெதுவாக.

"தெரியும்" என்றேன். "நீ கையை எடு."