ஒர்தான்சின் சிவப்பு ஸ்வெட்டர்

ரோஷ்நுவார் குகைக்குள் இருநூறு படி இறங்கினால் ஆறு ஓடும் பெரிய கூடம் வரும். அங்கே எல்லோரையும் கம்பித் தடுப்பின் ஓரமாக நிறுத்திவிட்டு ஒரு நிமிஷம் விளக்குகளை அணைத்துவிடுவேன். கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்றே தெரியாத இருட்டு. சிலர் சிரிப்பார்கள். சிலர் பக்கத்தில் இருப்பவரின் கையைத் தேடுவார்கள். பதினான்கு வருஷமாக நமூர் நகரத்திலிருந்து பஸ்ஸில் ஆட்களைக் கூட்டிப்போய்க் காலையில் குகையும் மதியம் மொந்தாவ் கோட்டையும் காட்டுகிறேன். திரும்பும் வழியில் எல்லோரும் பேசுவது அந்த ஒரு நிமிஷத்தைப் பற்றித்தான்.

அன்றைக்கு வந்தவர்கள் ஒரு ஓய்வூதியர் சங்கத்தார், இருபத்தேழு பேர். டிராம் ஓட்டி ஓய்வு பெற்ற ஒக்தாவ் என்பவர் பஸ் ஏறியதிலிருந்தே வாயை மூடவில்லை.

"நொயெல்லா, எங்களை அப்படியே குகைக்குள்ள விட்டுட்டு வந்துடு. எங்க பிள்ளைங்க உனக்குப் பூங்கொத்து அனுப்புவாங்க."

"உங்களை விட்டுட்டு வந்தா வௌவால் எல்லாம் ஓடிப்போயிடும், ஒக்தாவ்" என்றேன். பஸ்ஸே சிரித்தது.

சிரிக்காதவர் ஒருவர்தான். முன்வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்த ஒல்லியான அம்மாள். பட்டியலில் ஒர்தான்ஸ் லாம்பியோத் என்று இருந்தது. வயது எழுபத்திரண்டு. மடியில் ஒரு துணிப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். பையை மேலே வைக்கட்டுமா என்று ஓட்டுநர் ஃபிர்மேன் கேட்டதற்கு, "வேண்டாம், இது என்கூடவே இருக்கட்டும்" என்றார்.

குகை வாசலில், சீட்டு வாங்கும் இடத்துக்குப் பின்னால், பாறையில் ஒரு சின்னக் கல்வெட்டு பதித்திருக்கிறது. அதை நான் யாருக்கும் காட்டுவதில்லை. உல்லாசமாக வந்தவர்களிடம் அதைப் பற்றி எதற்குப் பேச வேண்டும்? ஒர்தான்ஸ் மட்டும் நேராக அங்கே போய் நின்றார். கைக்குட்டையை எடுத்து அதிலிருந்த பாசியைத் துடைத்தார். நான் கூப்பிட்டதும் வந்து வரிசையில் சேர்ந்துகொண்டார்.

கூடத்துக்கு வந்தோம். மூன்று நாளாக மழை பெய்திருந்ததால் ஆற்றில் தண்ணீர் அதிகம், இரைச்சலும் அதிகம். எல்லோரும் கம்பியைப் பிடித்துக்கொண்டார்களா என்று பார்த்துவிட்டு விளக்கை அணைத்தேன்.

பத்து வினாடி இருக்கும். ஆற்றின் இரைச்சல் சட்டென்று குறைந்தது. நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். யாரோ கதவைப் பாதி சாத்தியது மாதிரி இருந்தது. அப்போது தண்ணீர்ப் பக்கத்திலிருந்து, கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, ஒரு பெண் குழந்தையின் குரல் வந்தது.

"ஜோசெட், என் ஸ்வெட்டரைக் குடுடி. குளிருது."

பழைய வாலூன் பேச்சு. என் அப்பா அவருடைய அம்மாவிடம் பேசிய மொழி. இன்றைக்கு எங்கள் பக்கத்தில் எந்தக் குழந்தையும் அதைப் பேசுவதில்லை.

என் கை தானாகவே விளக்கைப் போட்டுவிட்டது. நிமிஷம் பாதிகூட ஆகியிருக்காது. ஆறு முன்பு போலவே இரைந்துகொண்டிருந்தது. நான் முதலில் முறைத்தது ஒக்தாவைத்தான்.

"விளையாடுறதுக்கு ஒரு அளவு இருக்கு."

"சத்தியமா நான் வாயே திறக்கலம்மா!" அவர் முகத்தில் சிரிப்பில்லை. "யாரோட பேத்தியோ வந்திருக்கா போல. பொண்ணு குரல்ல கேட்டுது. எங்க அவ?"

குழந்தை எதுவும் வரவில்லை என்று அவருக்கும் தெரியும். மற்றவர்களில் நாலைந்து பேர் ஏதோ கேட்டது என்றார்கள், மீதிப்பேர் ஒன்றும் கேட்கவில்லை என்றார்கள். நான் எண்ணிப் பார்த்தேன், இருபத்தேழு பேரும் இருந்தார்கள். ஒர்தான்ஸ் கம்பியின் மேல் பாதி உடம்பு சாய்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோளைத் தொட்டேன்.

"மேடம், மேல போகலாமா?"

"எனக்குக் கேட்டுது. உனக்குக் கேட்டுதா?" என்றார்.

கேட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "படி வழுக்கும், என் கையைப் பிடிச்சுக்கோங்க" என்றேன்.

மேலே வந்ததும் முதல் வேலையாகக் கல்வெட்டுக்குப் போனேன். பாசி துடைத்த இடத்தில் எழுத்து பளிச்சென்று இருந்தது. ஜோசெட் லாம்பியோத், ஒன்பது வயது, 1962. எத்தனையோ முறை பார்த்த பெயர்தான். எங்கள் பக்கத்தில் கல்யாணமானாலும் பெண்கள் பிறந்த வீட்டுப் பெயரிலேயே இருப்பார்கள், இருந்தும் லாம்பியோத் என்பதைப் பட்டியலில் பார்த்தபோது எனக்கு உறைக்கவே இல்லை.

செத்துப்போன தங்கையையோ அக்காவையோ நினைத்து வந்திருக்கிறார் என்று புரிந்துகொண்டேன். ஆனால் ஒன்று மட்டும் பொருந்தவில்லை. செத்துப்போனவள் ஜோசெட் என்றால், உள்ளேயிருந்து ஜோசெட்டைக் கூப்பிட்டது யார்?

மதியச் சாப்பாட்டில் எல்லோரும் மறுபடி கலகலப்பாகிவிட்டார்கள். இறைச்சி உருண்டையும் வறுத்த உருளைக்கிழங்கும் பீரும் முன்னால் வந்தால் எந்தப் பயமும் கலைந்துவிடும். ஒக்தாவ்கூட இரண்டாவது பீரில் தேறிவிட்டார். ஒர்தான்ஸ் தட்டைத் தொடவில்லை.

"கோட்டைக் கிணறு இன்னும் திறந்திருக்கா?" என்று மட்டும் என்னிடம் கேட்டார்.

"திறந்துதான் இருக்கு. மேல கம்பி வலை போட்டிருக்காங்க."

"வலையில கை போற அளவுக்கு ஓட்டை இருக்குமா?"

தண்ணீர் ஊற்றிக் காட்டுவதற்காக ஒரு ஓரத்தில் சின்னத் திறப்பு இருக்கிறது என்றேன். அவர் தலையாட்டினார்.

மொந்தாவ் கோட்டையில் பாதி இடிந்துவிட்டது. உயரமான காவல் கோபுரமும் அதன் அடியில் இருக்கும் கிணற்று அறையும்தான் முழுசாக மிச்சம். பாறையைக் குடைந்து எழுபது மீட்டர் ஆழத்துக்கு வெட்டிய கிணறு. அதன் அடித்தண்ணீர் குகையில் ஓடும் அதே ஆறு. வருகிறவர்களுக்கு முன்னால் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றுவேன். நாலு எண்ணுவதற்குள் கீழே சளப்பென்று கேட்கும். எல்லோரும் கை தட்டுவார்கள். அன்றும் ஊற்றினேன், நாலு எண்ணினேன், கேட்டது, தட்டினார்கள். பிறகு ஃபிர்மேன் மற்றவர்களைக் கோபுரத்தின் மேல் கூட்டிப்போனார். முழங்கால் வலிக்காரர்கள் முற்றத்தில் வெயிலில் உட்கார்ந்தார்கள். கிணற்று அறையில் நானும் ஒர்தான்ஸும் மட்டும் நின்றோம்.

அவர் பையிலிருந்து ஒரு சிவப்புக் கம்பளி ஸ்வெட்டரை எடுத்தார். குழந்தை ஸ்வெட்டர். முழங்கையில் ஒட்டுப் போட்டிருந்தது. கழுத்துப்பட்டைக்கு உள்பக்கம் வெள்ளை நூலால் 'ஒர்தான்ஸ்' என்று தைத்திருந்தது.

"உங்க ஸ்வெட்டரா?" என்று கேட்டேன்.

"இல்ல. அவளோடது. என் பேர் ஜோசெட்."

நான் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"நாங்க இரட்டைப் பிறவி. எங்க அம்மாவே கழுத்துப்பட்டையைப் பார்த்துத்தான் யார் யார்னு சொல்லுவா. ஒர்தான்ஸ் தைரியசாலி, நல்லாப் பாடுவா, அம்மாவுக்கு அவதான் உசிரு. பள்ளிக்கூடத்துல இருந்து குகைக்குக் கூட்டிட்டு வந்தாங்க. நான் என் ஸ்வெட்டரை பஸ்லயே விட்டுட்டேன். உள்ள குளிர் தாங்கல, அழுதேன். அவ தன்னோடதைக் கழட்டிக் குடுத்தா. 'கொஞ்ச நேரம்தான், அப்புறம் திருப்பிக் குடுத்துடணும்'னா. விளக்கை அணைச்சாங்க. நான் அவகிட்ட சொன்னேன்..." அவர் ஸ்வெட்டரின் ஒட்டைத் தடவினார். "நான்தான் சொன்னேன். 'உனக்குத் தைரியம் இருந்தா இந்த இருட்டுல போய் ஆத்தைத் தொட்டுட்டு வா பாப்போம்'னு. அப்ப கம்பி எல்லாம் கிடையாது. சிரிச்சுக்கிட்டே என் கையை விட்டா. விளக்கு வந்தப்ப அவ இல்ல."

வெளியே முற்றத்தில் யாரோ பலமாகச் சிரித்தார்கள்.

"சாயங்காலம் அம்மா ஓடி வந்தா. கழுத்துப்பட்டையைப் புரட்டிப் பார்த்தா. என்னைக் கட்டிக்கிட்டு, 'கடவுளே, நல்ல வேளை, நீயா!'ன்னா. நல்ல வேளைன்னு சொன்னா. கேட்டியா? அதுக்கப்புறம் நான் எப்படி ஜோசெட்னு சொல்றது?"

"யாருக்குமே தெரியாதா?"

"அப்பாவுக்குத் தெரியும்னு நினைக்கிறேன். அன்னையிலேர்ந்து சாகுற வரைக்கும் ஒரு தடவைகூட என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடல. ஏ பொண்ணே, இங்க வான்னுதான். உடம்பு கிடைக்கல. என் பேர்ல வெறும் பெட்டியைப் புதைச்சாங்க. வருஷா வருஷம் அம்மாகூடப் போய் என் கல்லறைக்கு நானே பூ வெச்சேன். பள்ளிக்கூடம், கல்யாணம், பிள்ளை, எல்லாம் அவ பேர்ல. ஒவ்வொரு குளிர்காலமும் காதுக்குள்ள கேட்கும், ஸ்வெட்டரைக் குடுடின்னு. பைத்தியம்னு நினைச்சேன். இன்னிக்கு நீ விளக்கைப் போட்ட வேகத்தைப் பார்த்தப்புறம்தான்..."

"கேட்டுது, மேடம்" என்றேன். "எனக்கும் கேட்டுது. அதே வார்த்தைதான்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு குனிந்து தரையில் கிடந்த ஒரு பாறைத் துண்டை எடுத்து ஸ்வெட்டரில் வைத்துச் சுற்றி, அதன் கைகளை இழுத்து முடிச்சுப் போட்டார். நான் தடுத்திருக்க வேண்டும். கிணற்றுக்குள் எதையும் போடக்கூடாது என்று சுவரிலேயே எழுதியிருக்கிறது. அதைத் தினமும் வாய்விட்டுச் சொல்கிறவளும் நான்தான். சொல்லவில்லை. திறப்பின் மூடியை விலக்கிப் பிடித்தேன்.

"ஒர்தான்ஸ்," என்று கிணற்றுக்குள் கூப்பிட்டார் அவர். வாலூனில் பேசினார். "இந்தா. லேட்டாயிடுச்சு, கோவிச்சுக்காதடி."

விட்டார்.

பழக்கத்தில் நான் எண்ணினேன். நாலு வந்தது. எட்டு வந்தது. இருபது வரை எண்ணினேன். ஒரு குவளைத் தண்ணீர் விழுந்தாலே கேட்கிற கிணற்றில் முஷ்டி அளவு கல் விழுந்த சத்தம் வரவே இல்லை. கீழே யாரோ இரண்டு கையிலும் வாங்கிக்கொண்ட மாதிரி ஒரு அமைதி. நான் திறப்பில் காதை வைத்துக் கேட்டேன். அவரோ மூச்சை நிதானமாக விட்டார்.

"சரி," என்றார். "இப்ப எனக்கு ஒரு காபி வேணும்."

காபியோடு சர்க்கரை அப்பத்தில் இரண்டு துண்டு சாப்பிட்டார். திரும்பும்போது ஒக்தாவ் அவர் பக்கத்தில் உட்கார்ந்து டிராம் கதை சொன்னார். சிரித்தாரோ என்னவோ, நமூர் வரும்போது தூங்கிப்போயிருந்தார்.

மூன்று வாரம் கழித்து அவருடைய மகள் மிரேய் எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். ஐம்பது வயது இருக்கும், மருந்துக்கடை வைத்திருப்பவள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எங்க அம்மா மண்டைக்குள்ள நீங்க எதைப் போட்டீங்க? நகராட்சிக்குப் போய்ப் பேரை மாத்தணும்னு நிக்கிறாங்க. கல்லறையில பேரைச் செதுக்கி எடுக்கணுமாம். குகைக்குள்ள பேய்க்குரல் வெச்சு ஆளுங்களைப் பயமுறுத்துறதுதான் உங்க பிழைப்பா?"

"நான் எதையும் வெக்கல."

"அப்ப எதுவும் கேட்கலைன்னு அவங்ககிட்ட வந்து சொல்லுங்க. அது போதும். அதோட இதை விட்டுடுவாங்க."

ஒரு பொய்தான். சொல்லியிருந்தால் ஒரு குடும்பம் நிம்மதியாகத் தூங்கியிருக்கும் என்று அப்போதும் நினைத்தேன். ஆனால் கிணற்று அறையில் அந்தப் பெண்மணி கண்ணை மூடி நின்ற முகம் எனக்கு மறக்கவில்லை.

"எனக்குக் கேட்டுது, மிரேய். ஸ்வெட்டரைக் குடுன்னு கேட்டுது. ஜோசெட்னு கூப்பிட்டுது. வேற மாதிரி சொல்ல என்னால முடியாது."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "எனக்கு நினைவு தெரிஞ்சதிலேர்ந்து அம்மா சொந்தப் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டினதே இல்ல" என்றாள், சம்பந்தமில்லாமல். பிறகு எழுந்து போய்விட்டாள்.

பிப்ரவரியில் தபாலில் ஒரு மரண அறிவிப்பு அட்டை வந்தது. கறுப்பு ஓரத்துக்குள், 'ஒர்தான்ஸ் என்ற பெயரில் வாழ்ந்த ஜோசெட் லாம்பியோத்' என்று அச்சடித்திருந்தார்கள். தேவாலயத்தில் கூட்டம் அதிகமில்லை. ஒக்தாவ் வந்திருந்தார், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் நின்றார். கல்லறையில் புதிய கல் வைத்திருந்தார்கள். இரண்டு பெயரும் இருந்தன. ஒன்பது வயது என்பதற்கு நேராக ஒர்தான்ஸ் என்று.

அதன் பிறகு சங்கக் கூடத்தில் காபி கொடுத்தார்கள். மிரேய் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அழுது அழுது குரல் கம்மியிருந்தது.

"கடைசி வாரம் ஆஸ்பத்திரியில இருந்தாங்க" என்றாள். "நான் அம்மான்னு கூப்பிட்டா என்னைப் பார்ப்பாங்க. நர்ஸுங்க பழைய காகிதத்தைப் பார்த்து 'ஒர்தான்ஸ்'னுதான் கூப்பிடுவாங்க. ஒவ்வொரு தடவையும் அம்மா அவங்க பக்கம் திரும்பவே மாட்டாங்க. கதவைப் பார்ப்பாங்க. யாரோ உள்ள வர்ற மாதிரி. பார்த்துட்டு, கட்டில்ல கொஞ்சம் நகர்ந்து இடம் விடுவாங்க."

நான் அவள் கையைப் பிடித்தேன்.

"கடைசி நாள் காலையில நான் போனப்ப," என்றாள், "அம்மா சுவரோரமா ஒதுங்கிப் படுத்திருந்தாங்க. பக்கத்துல பாதிக் கட்டில் காலியா இருந்துது. போர்வையைச் சரி பண்ணலாம்னு அங்க கை வெச்சேன், நொயெல்லா. படுக்கை ஆத்துத் தண்ணி மாதிரி சில்லுன்னு ஈரமா இருந்துது."